எடுத்த இடத்தில் வைக்கவும்

முதல் விதி: எதையும் உடைக்கக் கூடாது.
இரண்டாவது: யாரையும் கொல்லக் கூடாது,
யாருக்கும் யாரையும் கட்டிவைக்கவும் கூடாது.
முதல் பக்கத்தில் கலம் எங்கே நின்றதோ
கடைசிப் பக்கத்திலும் அங்கேயே நிற்க வேண்டும்.
வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபம் அது.
விடிவதற்குள் கூட்டிப் பெருக்கிச்
சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடு.

இப்படித்தான் செந்தூலில், பதினோராம் மாடியில்,
'ஏழாம் சுற்றுப்பாதை' தொடருக்கு
ஆறு நாவல்கள் எழுதினேன்.
அட்டையில் என் பெயர் இல்லை.
அட்டையில் இருந்தவர் பிறக்கவே இல்லை.
பிறக்காதவர் பெயரில் நாங்கள் மூன்று பேர்:
ஒருத்தர் வெலிங்டனில், ஒருத்தர் லீட்ஸில்,
கரண்டு போன இரவில் மெழுகுத்திரி தேடிக்கொண்டு
குணவதி என்கிற நான்.

தொடர் ஒளியேறும் நாளில் புத்தகமும் கடைக்கு வர வேண்டும்.
ஆகவே எதையும் பார்க்காமல்
வசனத்தாளை மட்டும் வைத்து எழுதுவேன்.
'கேப்டன் திரும்புகிறான்' என்று இருக்கும்,
எந்தப் பக்கம் என்று இருக்காது.
கலத்தின் கதவு எப்படிச் சத்தமிடும்?
எங்கள் லிஃப்டின் சத்தத்தைக் கொடுத்தேன்,
நான்காம் மாடியில் ஒரு விக்கல், பிறகு நீண்ட முனகல்.
ஒரு கிரகத்துக்குப் பெயர் கேட்டார்கள்.
கொம்யூட்டர் ரயில் நிற்கிற
கெந்தோன்மென் என்று எழுதி அனுப்பினேன்.
'வேற்றுலக ஒலி, அற்புதம்' என்று பதில் வந்தது.

ஆனால் சோற்றை விட மாட்டார் ஹாலோவே அம்மையார்.
அனுமதி கொடுப்பது அவர் வேலை.
நாற்பது பேர் இருக்கும் கலம், இரண்டு சீசன்,
ஒருவர்கூட ஒரு வாய் தின்றதில்லை.
நானும் விடவில்லை.
இரண்டாம் நாவலில் கஞ்சி. சிவப்புக் கோடு.
மூன்றாவதில் யாரும் பார்க்காத காவல் நேரத்தில்
ஒரு ரொட்டித் துண்டு. சிவப்புக் கோடு.
நான்காவதில் பசி மட்டும்.
'திரையில் இவர்களுக்குப் பசிப்பதில்லை'
என்று ஓரத்தில் பொறுமையாக எழுதியிருந்தார்.

ஆறாவதை எழுதும்போது தொடரை நிறுத்திவிட்டார்கள்.
கடைசி வசனத்தாள் வரவேயில்லை.
ஒப்பந்தம் மட்டும் உயிரோடு இருந்தது,
இருநூறு பக்கம், மாதக் கடைசிக்குள்.

இனி யாரையும் கொல்லலாம்.
கலத்தையே சூரியனுக்குள் செலுத்தலாம்.
சாவியை வாங்கிக்கொள்ள வாசலில் யாருமில்லை.
நான்கு மணி மழை ஜன்னலை அறைய
நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
பிறகு அடுப்பைப் பற்றவைத்தேன்,
கலத்தில்.

நாற்பது பேரையும் உட்காரவைத்தேன்.
மூன்றாம் தளத்தில் குழாயைப் பிடித்தபடியே
இரண்டு சீசன் வாய் திறக்காமல் நின்றாளே,
அவள்தான் பரிமாறினாள்.
சாம்பார், பொரித்த கருவாடு,
வறுத்த மிளகாய் நெடியில் எச்சரிக்கை மணி அலற
யாரும் எழுந்திருக்கவில்லை.
நாற்பத்தெட்டுப் பக்கம் சாப்பிட்டார்கள்.

மெய்ப்பு திரும்பி வந்தது.
ஒரு சிவப்புக் கோடு இல்லை.
புரட்டினேன். ஒன்றுகூட இல்லை.
ஜெயித்துவிட்டேன் என்று
அரை நிமிடம் நினைத்துக்கொண்டேன்.
பிறகு, யாரும் படிக்கவில்லை என்று புரிந்தது.

ஒரு வருஷம் கழித்து மாமாக் கடையில்
பந்து விளையாட்டுக்குக் காத்திருந்தவர்களின் தலைக்கு மேல்
சத்தமில்லாமல் ஓடியது அந்தக் கடைசி அத்தியாயம்.
என் கேப்டனை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.
கதவு மூடுகிறது. விக்கல் இல்லை, முனகல் இல்லை,
அவன் இடது கை வெளியே நின்றுவிட்டது.
என் மேசையில் தே தாரிக் ஆறி ஆடை கட்டியது.
சானலை மாற்றச் சொல்லி ஒருவர் கத்தினார். மாற்றினார்கள்.

வீட்டுக்கு வந்து ஆறாவதை எடுத்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றாறாம் பக்கம்.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
அங்கே அவன்
இல்லாத இடது கையால்
தட்டை முன்னே தள்ளி
இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிறான்.